துக்கத்தோடு வின்செஸ்டர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமாண்ட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் பலர் ஒருமுறையாவது சான் ஹோசேயில் இருக்கும் பழைய மாளிகையான வின்செஸ்டர் வீட்டைப் பார்த்திருப்பார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், ஸ்டான்ஃபோர்டு என்று போடும் பட்டியலில் "அந்தப் பேய் வீடு" என்று இதுவும் சேர்ந்துவிடும். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை. டிக்கெட் வாங்கினால் போதும், கைடு கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்து விட்டுவிடுவார்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவர் ஒருவர் இருக்கக்கூடும். படிக்கட்டில் பின்தங்கி நிற்பார். மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வராது. வெளியே வந்தபிறகு, "உள்ள ஒரு ரூம்ல எங்கப்பா நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்று மெதுவாகச் சொல்வார். இல்லையென்றால் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வார். இந்தக் கட்டுரை அவருக்கும், அவரைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கும்.

அது யாருடைய வீடு

முதல் வேலை வீட்டிலேயே செய்ய வேண்டியது. அந்த வீட்டைக் கட்டிய சாரா வின்செஸ்டர் யார் என்று, போவதற்கு முந்தைய நாளே தெரிந்துகொள்ளுங்கள். கூட வருகிறவர்களுக்கும் தமிழில் சொல்லிவிடுங்கள். கைடுகள் வேகமான ஆங்கிலத்தில் பேசுவார்கள். பெரியவர்களுக்குப் பாதி காதில் விழாது. விழுகிற பாதியும் பேய்க்கதையாக இருக்கும்.

சாரா கிழக்குக் கரையில் கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் ஊர்க்காரர். 1862இல் வில்லியம் வின்செஸ்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். துப்பாக்கி செய்த அதே வின்செஸ்டர் குடும்பம்தான். 1866 ஜூனில் ஆனி என்ற பெண் குழந்தை பிறந்தது. உண்கிற பால் உடம்பில் ஒட்டாமல், மெலிந்துகொண்டே போய், ஜூலை முடிவதற்குள் இறந்துவிட்டது. அதன்பின் அவர்களுக்குக் குழந்தை இல்லை. 1880ஆம் ஆண்டு மே மாதம் சாராவின் அம்மா போனார். டிசம்பரில் மாமனார் ஆலிவர் வின்செஸ்டர் போனார். 1881 மார்ச்சில் கணவர் வில்லியம் காசநோயில் போனார். ஒரு வருஷத்துக்குள் ஒரே குடும்பத்தில் மூன்று சாவு.

அதற்குப் பிறகுதான் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். 1886இல் சான்டா கிளாரா பள்ளத்தாக்கில், பழத்தோட்டங்களுக்கு நடுவே எட்டு அறை கொண்ட ஒரு பண்ணை வீட்டை வாங்கி, அதை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டே போனார். 1922 செப்டம்பர் 5ஆம் தேதி இரவு அந்த வீட்டில்தான், தூக்கத்திலேயே இறந்தார். இன்றைக்கு அந்த வீட்டில் சுமார் 160 அறைகள், 47 படிக்கட்டுகள், 47 கணப்படுப்புகள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

இனி கதைக்கு வருவோம். பாஸ்டனில், ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு மீடியம் சாராவிடம், "உங்கள் குடும்பத்துத் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகள் உங்களைத் துரத்துகின்றன, மேற்கே போய் வீடு கட்டு, சுத்தியல் சத்தம் நின்றால் செத்துப்போவாய்" என்று சொன்னாராம். அதனால் 38 வருஷம் இரவு பகலாக ஓயாமல் கட்டினாராம். உள்ளே இதைத்தான் பல விதமாகக் கேட்பீர்கள். வரலாற்றாசிரியர்கள் தேடியும் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வேலையாட்களை அவ்வப்போது நிறுத்தி வைத்ததைச் சாராவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1906 ஏப்ரல் 18ஆம் தேதி வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஏழு மாடிக் கோபுரம் இடிந்து விழுந்தது. மேல்தளங்களில் பல பகுதிகள் போயின. அவற்றை அவர் திரும்பக் கட்டவில்லை. மேற்கூரையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் படிக்கட்டுக்கும், திறந்தால் வெட்டவெளியாக இருக்கும் கதவுக்கும் இதைவிடப் பெரிய மர்மம் தேவையில்லை. அவர் இறந்த மறு வருஷமே வீடு காசு வாங்கிக்கொண்டு காட்டுகிற இடமாகிவிட்டது. பேய்க்கதைக்கு நல்ல விலை இருந்தது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கதையில் இறந்தவர்கள் பழிவாங்க வருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் ஏற்கெனவே ஒரு குற்ற உணர்வைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம். விசா முத்திரைக்குக் காத்திருந்ததில் கடைசி முகம் பார்க்க முடியவில்லை, கொள்ளி வைக்கப் போக முடியவில்லை, எல்லாவற்றையும் வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன் என்கிறவர்கள் எத்தனை பேர். அந்த மனநிலையோடு போய் "செத்தவர்கள் சும்மா விடமாட்டார்கள்" என்று ஒரு மணிநேரம் கேட்டால், உள்ளே தோன்றுகிற சின்ன சிலிர்ப்பும் தண்டனையாகத் தெரியும். உங்கள் அப்பாவோ அக்காவோ உங்களைத் தண்டிக்கக் காத்திருக்கவில்லை. சாராவையும் யாரும் தண்டிக்கவில்லை. குழந்தையையும் கணவனையும் இழந்த ஒரு பணக்காரப் பெண்மணி, தனக்குப் பிடித்த வேலையாகிய கட்டடம் கட்டுவதில் மனதை வைத்து மீதிக் காலத்தை வாழ்ந்தார். இந்த நினைப்போடு உள்ளே போங்கள்.

எப்போது போவது, யாரோடு போவது

காரியம் முடியும்வரை எங்கும் போகமாட்டோம், அது தெரிந்ததுதான். அதன்பிறகும் பல குடும்பங்களில் தலைத்திவசம் வரை விசேஷங்களுக்குப் போவதில்லை, மலைக்கோயிலுக்குப் போவதில்லை. இந்த ஒரு வருஷம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். ஊரில் என்றால் துக்கம் கேட்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். இங்கே கதவைத் தட்ட ஆள் இல்லை. வின்செஸ்டர் வீடு கோயிலும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை என்பதால் பெரும்பாலும் யாரும் தடை சொல்லமாட்டார்கள். இருந்தாலும் வீட்டில் பெரியவர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "துக்க வீட்டுக்காரங்க பேய் வீட்டுக்குப் போகலாமா" என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கலாம். அதை மூடநம்பிக்கை என்று வாயடைக்காமல், அது யாருடைய வீடு என்பதை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

திதி அன்றைக்கும் அமாவாசை அன்றைக்கும் போவது சரியில்லை என்பது என் கருத்து. அது வீட்டில் இலை போட்டுப் படைத்து, காக்கைக்குச் சோறு வைக்கிற நாள். அன்றைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடவேண்டாம்.

அக்டோபர் மாதத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள். ஹாலோவீனுக்காக வேடம் போட்டவர்கள், பயமுறுத்தும் நிகழ்ச்சிகள் என்று அந்த மாதம் முழுக்க வேறு சூழல். வெள்ளிக்கிழமையும் 13ஆம் தேதியும் சேர்ந்து வரும் நாளும் அப்படித்தான். கையில் டார்ச் விளக்கோடு இருட்டில் நடத்திக் கூட்டிப்போகும் சுற்றுகளும், ஆவி தேடும் கருவிகளோடு நடக்கும் சுற்றுகளும் உண்டு. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அவை ஆகாது. வாரநாளில், காலையில் முதல் டூராகப் பார்த்து எடுங்கள். கூட்டம் குறைவு. கைடும் அவசரப்படமாட்டார்.

கூட ஒருவர் போதும். இறந்தவரைத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. ஆபீஸ் நண்பர்கள் பட்டாளத்தோடு போனால் அவர்கள் பேய் மாதிரிக் குரல் கொடுப்பார்கள், நீங்கள் சிரித்தாக வேண்டும். அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் "ஒரு சர்ப்ரைஸ்" என்று காரில் ஏற்றாதீர்கள். என்ன இடம் என்று சொல்லி, "வரேன்" என்று அவர் வாயால் சொன்னபிறகு போங்கள்.

டிக்கெட்டும் உடம்பும்

வீடு சான் ஹோசேயில் வின்செஸ்டர் புலவார்டில், சான்டானா ரோ கடைவீதிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. 280, 880 நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கம். கார் இல்லாதவர்களுக்கு அந்தச் சாலையில் வி.டி.ஏ. பேருந்து உண்டு. டிக்கெட்டை வீட்டின் இணையதளத்தில் நேரம் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும், மலிவு என்று சொல்லமுடியாது. உள்ளே படம் எடுக்கலாமா என்பதை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் எடுக்காமல் போய்ப் பாருங்கள் என்பேன். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தால் எந்த அறையும் மனதில் தங்காது.

சுற்று ஒரு மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேலே. வழியில் கழிவறை கிடையாது, உட்கார இடம் கிடைப்பதும் அரிது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கழிவறைக்குப் போய்விட்டு உள்ளே நுழையட்டும். ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சில நடைகளில் இரண்டு பேர் அருகருகே போகமுடியாது. மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், மாடிகளுக்குப் போவது நடக்காது. குளிர்காலத்தில் உள்ளே சில்லென்று இருக்கும், கோடையில் மேல்மாடி அடுப்பாகிவிடும். நழுவாத செருப்பும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் எப்போதும் வேண்டும்.

கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி எதையும் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் ரெட்வுட் மரத்தால் ஆன பழைய வீடு அது. மாலை போட்ட படமும் வேண்டாம். இறந்தவர் தினமும் தொட்டுப் புழங்கிய சின்னப் பொருள் ஏதாவது, ஒரு பேனா, கைக்கடிகாரம், அம்மாவின் புடவையில் கிழித்த ஒரு துண்டு, சட்டைப்பையில் இருந்தால் போதும். மனசு கலங்கும்போது கை தானாக அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே எங்கே கவனம் வைப்பது

கூட்டத்தின் கடைசியில் நடங்கள். முன்னால் போகிறவர்கள் அறையைவிட்டு வெளியேறுகிற அந்தக் கொஞ்ச நேரம் அறை உங்களுக்குக் கிடைக்கும். அதற்காகக் கூட்டத்தை விட்டுவிடவும் கூடாது. வழி தப்பினால் உண்மையிலேயே சிரமம், கைடு தேடிக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

பேய் பார்த்ததாகச் சொல்லப்படும் இடங்களைக் கைடே காட்டுவார். தள்ளுவண்டியோடு ஒரு வேலைக்காரரைப் பார்த்ததாக அங்கே வேலை செய்கிறவர்களும் வந்துபோனவர்களும் சொல்லியிருக்கிறார்கள். சாரா ஆவிகளோடு பேசியதாக ஒரு சிறிய அறையைக் காட்டுவார்கள். அதற்கும் அவர் காலத்து ஆதாரம் இல்லை. அங்கே நேரத்தைச் செலவழிக்காமல் வேறு சில இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, சின்னச் சின்னப் படிகள் வைத்த வளைவுப் படிக்கட்டு. 44 படிகள், ஏழு திருப்பங்கள், இத்தனைக்கும் மொத்தமாக ஏறுவது சுமார் ஒன்பது அடி உயரம்தான். ஒரு படி இரண்டு, இரண்டரை அங்குலம்தான். கைடு இதை ஒரு புதிர் மாதிரிதான் ஆரம்பித்தார். அப்பா இறந்த அடுத்த வருஷம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மற்ற படிகளில் எல்லாம் இடது காலை வைத்து, வலது காலை இழுத்துச் சேர்த்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறியவள், இந்தப் படியில் கைப்பிடியை விட்டுவிட்டாள். நாலு படி ஏறிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுல என்னடி அதிசயம்? முட்டிவலிக்காரி தனக்குன்னு கட்டிக்கிட்ட படி" என்றாள். பிறகுதான் கைடும் அதைச் சொன்னார். சாராவுக்குக் கடுமையான மூட்டுவாதம். நாலடி பத்தங்குல உயரம்தான் இருந்த அந்த அம்மாள், காலைத் தூக்காமல் மேலே போவதற்காகக் கட்டிக்கொண்டது அது. அந்த நிமிஷத்திலிருந்து அம்மாவுக்கு அது பேய் வீடாக இல்லை. "பாவம், தனியா இருந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

துணி துவைக்கும் தொட்டிகளைப் பாருங்கள். துணியைத் தேய்ப்பதற்கான வரிகளைத் தொட்டியோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். செடி வளர்க்கும் அறையில் ஊற்றுகிற தண்ணீர் வீணாகாமல் தரை வழியாக இறங்கிக் கீழே தோட்டத்துக்குப் போகிற மாதிரி ஏற்பாடு இருக்கும். வாழ்ந்துகொண்டிருந்த ஒருத்தியின் புத்தி வேலை செய்த இடங்கள் இவை. இறந்தவர்களை நினைக்கப் போன இடத்தில் இவையெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். நம் ஆட்களின் நினைவும் இப்படிப்பட்ட சாமான்களில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாட்டி வைத்திருந்த ஆட்டுக்கல்லைப் பார்த்தால் வருகிற அழுகை, அவள் படத்தைப் பார்த்தால் வருவதில்லை.

நடன அறையில் இரண்டு கண்ணாடி ஜன்னல்களில் ஷேக்ஸ்பியர் நாடக வரிகள் எழுதியிருக்கும். ஒன்று, சிறையில் தனியாக அடைபட்ட அரசன் ஒருவன் தன் எண்ணங்களையே மனிதர்களாக்கித் தன்னைச் சுற்றிக் குடியேற்றிக்கொள்வதாகப் பேசுகிற இடத்திலிருந்து எடுத்தது. எதற்காக இந்த வரி என்று சாரா எங்கும் சொல்லிவைக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அவர் இறந்த படுக்கையறையையும் காட்டுவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கட்டில், நாற்காலி எல்லாம் அவருடையவை என்று நினைத்து உருகவேண்டாம். அவர் போனபின் சாமான்கள் அவருடைய சகோதரியின் மகளுக்குப் போய், விற்கப்பட்டுவிட்டன. இப்போது இருப்பவை பெரும்பாலும் அந்தக் காலத்து வேறு சாமான்கள். சுவரும் ஜன்னலும் தரையும்தான் அவர் புழங்கியவை.

ஏதோ தோன்றினால்

பக்கத்தில் யாரோ நிற்பது போல இருக்கும். பழகிய வாசனை ஒன்று வந்துபோகும். பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கேட்கும். முதுகுத்தண்டில் சிலிர்க்கும், காரணமில்லாமல் கண் நிறையும். இவற்றில் எது வந்தாலும் முதலில் நிலையாக நில்லுங்கள். படியில் இருந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். சொல்ல ஏதாவது இருந்தால் மனதுக்குள் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டது எல்லோருக்கும் இருக்கும். அப்புறம் கூட்டத்தோடு நடங்கள். "இன்னொரு தடவை வா, ஒரு அடையாளம் காட்டு" என்று கேட்டு நிற்காதீர்கள். வராது. வராததும் ஒரு புது ஏமாற்றமாகச் சேர்ந்துகொள்ளும். கைடிடமோ பக்கத்தில் வருகிறவரிடமோ உடனே சொல்லவும் வேண்டாம். அடுத்த நிமிஷமே அது அந்த வீட்டுப் பேய்க்கதையில் ஒரு வரியாகிவிடும்.

இப்படித் தோன்றுவது பைத்தியத்தின் அறிகுறியோ என்ற பயம் பலருக்கு உண்டு. வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற ஊர் மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் உட்கார்ந்து பேசி, 1971இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இறந்தவரைப் பற்றிய இப்படியொரு அனுபவம் இருந்தது. மிக அதிகமாகச் சொல்லப்பட்டது, பக்கத்திலேயே இருக்கிறார் என்ற உணர்வு. பத்தில் நாலு பேருக்கு அது இருந்தது. கண்ணால் பார்த்தவர்கள், குரல் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அது பயத்தைத் தரவில்லை, ஆறுதலாகவே இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் மருத்துவர் கேட்கும்வரை அதை யாரிடமும் சொன்னதே இல்லை. நம் வீடுகளில் பாட்டிகள், "நேத்து உங்க தாத்தா வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டுச்சு" என்று காப்பி ஆற்றிக்கொண்டே சொல்வார்கள். அங்கே யாரும் அதற்கு டாக்டரிடம் ஓடியதில்லை.

வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய மரம் வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும்போது காலடி போலவே சத்தம் வரும். ஆயிரக்கணக்கான ஜன்னல்கள் இருக்கும் வீட்டில் காற்று எங்கிருந்து நுழைகிறது என்றே தெரியாது. பழைய கண்ணாடியில் வெளியே அசைகிற மரம்கூட ஆள் மாதிரி நெளியும். இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் விக் டாண்டி, தன் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய "ஆவி"யின் காரணத்தைத் தேடிக்கொண்டு போய், ஒரு மின்விசிறியிடம் போய்ச் சேர்ந்தார். அது எழுப்பிய, காதுக்குக் கேட்காத, நொடிக்குச் சுமார் 19 அதிர்வு கொண்ட ஒலிதான் ஆளைக் கலங்கடித்திருக்கிறது என்று 1998இல் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலே, பேய் வீடு என்று சொல்லித்தானே உங்களை உள்ளே விடுகிறார்கள். காது ஏற்கெனவே எதையோ தேடிக்கொண்டுதான் இருக்கும்.

அம்மா அன்றைக்கு ஒரு மேல்மாடி நடையில் சட்டென்று நின்றாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "உங்கப்பா பொடி வாசம்டி" என்றாள். அப்பா மூக்குப்பொடி போடுகிறவர். அவர் சட்டைக் கைப்பகுதியில் எப்போதும் அந்தப் பழுப்புக் கறை இருக்கும். பழைய மரத்தூளும் மெழுகும் சேர்ந்த வாசனையாக இருந்திருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை, அவளும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. "வந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அப்பா போனதிலிருந்து அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள், திரும்பி வரும்போது காரில் பொடி மட்டையைப் பற்றி, அதை ஒளித்துவைத்துச் சண்டை போட்டதைப் பற்றி, வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

அதனால் கூடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "அதெல்லாம் பிரமை" என்று வெட்டாதீர்கள். "வந்திருக்காருன்னா ஏதோ குறை வெச்சிருக்கோம், பரிகாரம் பண்ணணும்" என்றும் கிளப்பிவிடாதீர்கள். இரண்டாவது இன்னும் மோசம். அது நேராகக் குற்ற உணர்வில் போய்க் குத்தும். "எங்க? எந்த மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

மின்காந்த அளவைக் கருவி, ஆவியின் வார்த்தையைத் திரையில் காட்டுவதாகச் சொல்லும் போன் செயலி, இவற்றைத் தொடவேண்டாம். அந்தக் கருவி சுவருக்குள் ஓடும் மின்கம்பிக்கும் பையில் இருக்கும் போனுக்கும் விளக்கு எரிக்கும். "உங்கள் அப்பாவோடு பேச வைக்கிறேன்" என்று பணம் கேட்கிறவர்களிடம், அமெரிக்க மீடியமோ நம் ஊர் மைபோட்டுப் பார்க்கிறவரோ யாராக இருந்தாலும், ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவர்கள் கேட்ட தொகையைக் கொடுப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றுமே தோன்றாவிட்டால்

டெவி ரீஸ் பேசியவர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். அவர்களும் கணவன் மனைவியாகப் பல காலம் வாழ்ந்தவர்கள்தான். பாசம் குறைந்ததால் வரவில்லை, காரியத்தில் ஏதோ பிசகு என்றெல்லாம் கணக்குப் போடாதீர்கள். படிக்கட்டைப் பாருங்கள், ஜன்னல்களைப் பாருங்கள், வீட்டுக்கு வாருங்கள்.

வெளியே வந்தபின்

நேராக சான்டானா ரோவுக்குள் ஷாப்பிங் போகாதீர்கள். அந்த வீட்டின் தோட்டத்திலேயே கொஞ்சம் நடக்கலாம். இல்லையென்றால் காரில் சில நிமிஷத்தில் நாக்லீ அவென்யூவில் இருக்கும் நகராட்சி ரோஜாத் தோட்டத்துக்குப் போய்விடலாம். கட்டணம் இல்லை, உட்கார பெஞ்ச் உண்டு. மே மாதம் என்றால் பூத்துக் குலுங்கும். சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தால் அங்கே சாப்பிடுங்கள். வயிறு காய்ந்திருக்கும்போது துக்கம் இரண்டு மடங்காகத் தெரியும்.

அங்கே உட்கார்ந்து, தோன்றியதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். எந்த அறை, என்ன வாசனை, அப்போது யார் நினைவு என்று நாலு வரி போதும், தமிழிலேயே எழுதுங்கள். நினைவு ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் மாறும். அன்றைக்கு எழுதியது மாறாது.

ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ உடனே போன் போடத் தோன்றும். காலை டூர் முடியும் நேரத்தில் அங்கே நடுராத்திரியை நெருங்கியிருக்கும். அந்த நேரத்தில் இங்கிருந்து அழைப்பு வந்தாலே அவர்கள் பதறிப்போவார்கள். இங்கே ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அவர்களுக்கு விடிந்திருக்கும். உட்கார்ந்து பேசலாம்.

கூட வந்த பிள்ளைகள் "தாத்தா பேயா ஆயிட்டாரா?" என்று கேட்பார்கள். கேட்டே தீருவார்கள், அந்த வீடு அப்படி. "இல்லை, தாத்தா செத்துப்போயிட்டார். அவரை நினைச்சதால பாட்டிக்கு அவர் வாசனை தெரிஞ்சுது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "தூங்கிட்டிருக்கார்", "வெளியூர் போயிருக்கார்" என்று சொன்னால் குழந்தை அன்றைக்கு ராத்திரி தூங்கப் பயப்படும்.

சில அறிகுறிகள் வந்தால் இதை நினைவின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. கேட்கிற குரல் திட்டுகிறது, கட்டளை போடுகிறது, "நீயும் வா" என்கிறது. வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை. இறந்தவரிடம் போய்விடவேண்டும் என்ற நினைப்பு வருகிறது. திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்கே போகவேண்டும் போல இருக்கிறது. அப்போது டாக்டரைப் பாருங்கள். அமெரிக்காவில் 988 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இந்தியாவில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். விசாவுக்குப் பிரச்சினை வருமோ, காப்பீடு இல்லையே என்று யோசித்துத் தள்ளிப்போடாதீர்கள். 988ஐ அழைப்பதற்குக் காப்பீடு தேவையில்லை.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு தகவல். சாரா அடக்கம் செய்யப்பட்டிருப்பது கலிஃபோர்னியாவில் இல்லை. நியூ ஹேவனில் எவர்க்ரீன் கல்லறைத் தோட்டத்தில், கணவர் வில்லியத்துக்கும் ஒன்றரை மாதம்கூட உயிரோடு இராத ஆனிக்கும் பக்கத்தில் இருக்கிறார். கணவர் நினைவாகப் பக்கத்து வெஸ்ட் ஹேவனில் காசநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை அமையப் பெரும் பணம் கொடுத்தார். யேல் நியூ ஹேவன் மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவு இன்றும் வின்செஸ்டர் என்ற பெயரோடு நடக்கிறது. நியூ யார்க்கிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணிநேரத்தில் போய்விடலாம். துக்கத்தோடு எங்காவது போயாகவேண்டும் போல இருந்து, சான் ஹோசே தூரமாக இருந்தால், அங்கே போங்கள். டூர் கிடையாது, கைடு கிடையாது. பூ வைக்கலாம்.